ஒரு கடைவாய்ப்பல் போதும்

உலகத்தில் தேடிச் சேர்த்து வைக்கத் தகுந்த பொருள் எது என்று யாராவது என்னைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: பல். அதுவும் பூண்டோடு அழிந்துபோன பாலூட்டி மிருகங்களின் பல். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி முழுக்க அதுதான். மாஸ்டோடான் யானையின் பல், மாமூத் யானைப் பல்லின் தகடுகள், குதிரைப் பற்கள், தபீர், காட்டெருமை, ஒட்டகம், ராட்சத ஸ்லாத், பழைய கடல்பசு. எல்லாமே அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஒரே ஆற்றில் கிடைத்தவை. வீட்டுக்கு வருகிறவர்கள் அலமாரிமுன் நின்று, "புளோரிடாவில ஒட்டகமா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே காத்திருப்பேன். அப்புறம் அவர்கள் சாப்பிடப் போக அரை மணி நேரமாவது ஆகும்.

அந்த ஆற்றின் பெயர் பீஸ் ரிவர். பார்ட்டோ என்ற ஊருக்கு அருகே தொடங்கி, வாச்சுலா, சோல்ஃபோ ஸ்பிரிங்ஸ், ஆர்கேடியா வழியாகத் தெற்கே இறங்கி, சுமார் 170 கிலோமீட்டர் ஓடி சார்லட் ஹார்பரில் கடலைத் தொடுகிறது. நான் இருக்கும் தாம்பாவிலிருந்து காரில் எட்டிப் பிடித்துவிடலாம். பார்ப்பதற்கு ஆர்ப்பாட்டமே இல்லாத ஆறு. இரு கரையிலும் ஓக், சைப்ரஸ் மரங்கள். கிளைகளில் சாம்பல் நிறப் பாசிச் சடை தொங்கும். இலைச்சாறு இறங்கி இறங்கித் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும். மழை இல்லாத மாதங்களில் பல இடங்களில் முழங்கால் அளவு, இடுப்பளவுதான். ஆனால் அந்தத் தண்ணீருக்கு அடியில், மணலுக்கும் அடியில், சரளைக்கல் படுகை ஒன்று இருக்கிறது பாருங்கள், அதற்கு ஈடாக ஒரு பொக்கிஷ அறையை எந்த அரண்மனையிலும் நான் கண்டதில்லை.

1881ல் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையைச் சேர்ந்த லெபாரன் என்பவர் இந்த ஆற்றில் பாஸ்பேட் கற்களைக் கண்டுபிடித்தார். பின்னாலேயே சுரங்கக் கம்பெனிகள் வந்தன. உரத்துக்காகத் தோண்டத் தோண்ட எலும்பும் பல்லும் வந்துகொண்டே இருந்ததால் அந்த வட்டாரத்துக்கே எலும்புப் பள்ளத்தாக்கு, அதாவது போன் வேலி என்று பெயர் விழுந்துவிட்டது. டைனோசர் காலத்தில் புளோரிடா கடலுக்கடியில் கிடந்த பூமி. எனவே இங்கே டைனோசர் கிடைக்காது. அதைக் கேட்டு முகம் சுருங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அதற்குப் பிறகு இந்த மண்ணில் நடமாடியவை எவ்வளவு! ஒரு கோடி வருஷத்துக்கு முந்திய கடல்பசுவின் எலும்பும், பதினைந்தாயிரம் இருபதாயிரம் வருஷத்துக்கு முந்திய குதிரையின் பல்லும் ஒரே சல்லடையில் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்காரும். வெவ்வேறு காலத்துப் படிவங்களை ஆறு அரித்து அரித்து ஒரே படுகையில் கலந்து வைத்திருக்கிறது. மண் அடுக்கை வைத்து வயது கணிக்கிற விஞ்ஞானிக்கு அது தலைவலி. எங்களைப் போன்றவர்களுக்குத் திருவிழா.

தேடுவது எப்படி என்று சொல்கிறேன். கையில் ஒரு நீளமான இரும்புக் கம்பி. அதை ஆற்றுமணலில் குத்திக்கொண்டே நடக்க வேண்டும். வெறும் மணல் என்றால் கம்பி சத்தமில்லாமல் இறங்கிவிடும். சரளை இருந்தால் நறநறவென்று உள்ளங்கை வரை அதிரும். அந்த நறநறப்பு கிடைத்துவிட்டால் அன்றைய பொழுது அங்கேதான். மண்வாரியால் அள்ளிச் சல்லடையில் கொட்டி, தண்ணீருக்குள் வைத்தே அலசி அலசி மணலைப் போக்குகிறோம். மிச்சம் கிடப்பது கறுப்புக் கற்கள், சிப்பி, எக்கச்சக்கமான சுறாப்பற்கள். சுறாப்பல் இங்கே குழந்தைகூட எடுக்கும். மெகலோடான் சுறாவின் பெரிய பல்லுக்காகவே வருகிற கூட்டம் ஒன்று உண்டு; அவர்களுடைய சந்தோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சுறா தன் ஆயுளில் ஆயிரக்கணக்கில் பல்லை உதிர்க்கும். பாலூட்டிக்கு அந்த வசதி கிடையாது. அதற்கு வாய்த்தவை எண்ணி வைத்த பற்கள். வாழ்நாள் முழுக்க அவற்றோடு மென்று தேய்த்தாக வேண்டும். அந்தத் தேய்மானம் எனக்கு விலைமதிப்பில்லாதது.

கறுப்புக் கல்லுக்கு நடுவே கறுப்புப் பல்லைக் கண்டுபிடிக்க என்ன வழி? பளபளப்புதான். எனாமலில் ஏறக்குறைய 96 சதவீதம் கனிமம். உடம்பிலேயே கெட்டியான பொருள் அது. எலும்பு மக்கிப் போகும், கொம்பு போகும், தோலும் சதையும் என்றைக்கோ போயிருக்கும்; பல் நிற்கும். மண்ணில் உள்ள பாஸ்பேட்டும் மற்ற தாதுக்களும் ஊறி அது கறுப்பாகவோ, காப்பிக்கொட்டை நிறமாகவோ, சிலசமயம் நீலம் கலந்த சாம்பலாகவோ மாறியிருக்கும். ஆனால் எனாமலின் மினுமினுப்பு மட்டும் போகாது. சல்லடையை லேசாகச் சாய்த்து வெயிலில் பிடிக்கும்போது அந்த ஒரு கீற்று கண்ணில் பட்டதும் எனக்கு மூச்சே ஒரு கணம் நின்றுவிடும். இத்தனை வருஷமாகியும் அது குறையவில்லை.

குதிரைப் பல்லைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். அலமாரியிலிருந்து எனக்கு மிகப் பிடித்ததை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். மேல்தாடைக் கடைவாய்ப்பல். எட்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும், நாலு பட்டைத் தூண், லேசான வளைவு. மெல்லும் பரப்பைத் திருப்பிப் பார்த்தால் எனாமல் ஒரு ரிப்பனை மடித்துச் சுருட்டியதுபோல் உள்ளே வளைந்து வெளியே வந்து மறுபடி வளைகிறது. விரல் நுனியால் தடவினால் அந்த விளிம்புகள் இன்றும் சுரண்டும். புல்லில் மணல்போன்ற சிலிக்கா உண்டு. அதை நாள் முழுக்க மென்றால் சாதாரணப் பல் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் குதிரைக்கு உயரமான பல். தேயத் தேய ஈறுக்குள்ளிருந்து மேலே வந்துகொண்டே இருக்கும். என் கையில் இருக்கும் பல் இன்னும் அதிகம் தேயவில்லை. இளம் குதிரை. நல்ல வயதில் போயிருக்கிறது.

அதே பரப்பில் உள்பக்கமாக ஒரு சின்ன எனாமல் வளையம் இருக்கும். அது பக்கத்து மடிப்போடு ஒட்டியிருந்தால் இன்றைய குதிரையின் இனம். தனித் தீவாக நின்றால், ஹிப்பேரியன் வகையைச் சேர்ந்த மூன்று விரல் குதிரை! நானிப்பஸ் என்ற குட்டிக் குதிரையின் பல் அப்படித்தான் இருக்கும். நம்மூர் ஆட்டைவிடப் பெரிதாக இல்லாத குதிரை ஒன்று மூன்று மூன்று விரல்களோடு இந்தப் புல்வெளியில் ஓடியது என்பதை அந்த ஒற்றை வளையம் சொல்லிவிடுகிறது. கடுகளவு அடையாளம் அது. அதைப் பூதக்கண்ணாடியில் முதலில் நானாகவே கண்டுகொண்ட இரவு, தூங்கப்போன என் மகளை எழுப்பிக் காட்டினேன். அவளும் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்துவிட்டு, "அப்பா, இது தனியாத்தான் நிக்குது!" என்று கத்தினாள். இப்போது அவள் என்னைவிட வேகமாக இனம் பிரிக்கிறாள்.

குதிரை பிறந்து வளர்ந்ததே வட அமெரிக்காவில்தான். இங்கிருந்துதான் ஆசியாவுக்குப் போனது. பிறகு சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் சொந்த மண்ணில் அடியோடு அழிந்துபோனது. 1539ல் எர்னாண்டோ டி சோட்டோ என்ற ஸ்பானியத் தளபதி தாம்பா விரிகுடாப் பக்கம் கப்பலில் குதிரைகளோடு வந்து இறங்கினான். கரையில் கால் வைத்த அந்தக் குதிரைகளுக்குக் கீழே, மண்ணுக்குள், அவற்றின் பாட்டன் பூட்டன் பற்கள் கிடந்தன. எங்கள் ஆற்றில் ஒரு குதிரைப்பல் கிடைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வந்து சிலிர்க்கும்.

யானைக்கு வருவோம். மாமூத் பல்லும் மாஸ்டோடான் பல்லும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். மாமூத் பல் தட்டையானது. மெல்லிய எனாமல் தகடுகளை வரிசையாக நிறுத்தி இடையில் சாந்து பூசி ஒட்டிய அமைப்பு. நம் ஊர்க் கோயில் யானையின் வாய்க்குள் இருப்பதும் இதே அமைப்புதான். மாமூத்துக்கு ஆப்பிரிக்க யானையைவிட நம் ஆசிய யானைதான் நெருங்கிய சொந்தம். புல்லை அரைக்க அந்தப் பல். மாஸ்டோடான் பல்லோ மேடும் பள்ளமுமாக, ஜோடி ஜோடியாகக் குன்றுகள் எழுந்து நிற்கும். இலையையும் சுள்ளியையும் நசுக்குவதற்கு. ஒரு கைப்பிடி உடைந்த துண்டு கிடைத்தாலும் இது புல்வெளியில் மேய்ந்ததா, காட்டில் கிளை முறித்ததா என்று சொல்லிவிடலாம்.

யானைக்குப் பல் நம்மைப்போல் கீழிருந்து முளைப்பதில்லை. தாடையின் பின்பக்கம் உருவாகி மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து வரும். தேய்ந்தது முன்பக்கமாக உடைந்து விழும். ஒரு பக்கத் தாடைக்கு ஆயுளில் ஆறு பற்கள்தான். ஆறாவதும் தேய்ந்துவிட்டால் மென்று தின்ன வழியில்லாமல் யானையின் கதை முடிந்தது. எங்கள் கூட்டாளி ஒருவர், மதுரைக்காரர், என்னைவிட மூத்தவர், ஒரு மார்ச் மாதம் ஆர்கேடியாவுக்கு மேலே மாமூத் கடைவாய்ப்பல் ஒன்றை முழுசாக எடுத்தார். நான் பத்தடி தள்ளிச் சல்லடை ஆட்டிக்கொண்டிருந்தேன். "தம்பி, இங்க வாடா... கல்லுன்னு நெனச்சேன், கல்லு இல்லடா" என்றார். குரல் நடுங்கியது. தண்ணீருக்குள் இரண்டு கையையும் விட்டுத் தூக்கினோம். கருங்கல் கனம். அடிப்பக்கம் வேர், மேலே வரிவரியாகத் தகடு, அவற்றில் பாதி தேய்ந்து வழவழவென்று. "அண்ணே, இது கடைசிப் பல்லுண்ணே, கிழட்டு யானை" என்றேன். அவர் பதில் சொல்லாமல் அதைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு அன்று நாங்கள் சல்லடையைத் தொடவில்லை. கரையில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். எதிர்க்கரையில் முதலை ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

இந்தப் பற்களின் சரித்திரமும் அவ்வளவு சுவையானது. 1705ல் நியூயார்க் பக்கம் ஹட்சன் ஆற்றங்கரையில் மாஸ்டோடான் பல் ஒன்று கிடைத்தது. கண்டெடுத்த குடியானவர் அதை ஒரு கோப்பை ரம்முக்குக் கொடுத்துவிட்டார். அது லண்டன் போய்ச் சேர்ந்தபோது, பிரளயத்தில் செத்த அரக்கனின் பல் என்றே பெரிய மனிதர்கள் நம்பினார்கள். கிட்டத்தட்ட அதே காலத்தில் தெற்கு கரோலினாவில் ஸ்டோனோ என்ற தோட்டத்தில் அடிமைகள் மண்ணைத் தோண்டும்போது பெரிய பற்கள் அகப்பட்டன. தோட்ட முதலாளிகள் அதே அரக்கன் கதையைச் சொல்ல, ஆப்பிரிக்காவில் பிறந்து வந்த அந்த அடிமைகள் அத்தனை பேரும் ஒரே வாயாக, இது யானையின் கடைவாய்ப்பல் என்று சொல்லியிருக்கிறார்கள். மார்க் கேட்ஸ்பி என்ற இயற்கையாளர் இதை எழுதி வைத்தார். 1743ல் அச்சில் வந்தது. வட அமெரிக்காவில் முதுகெலும்புள்ள உயிரொன்றின் ஃபாசிலைச் சரியாக இனங்கண்ட முதல் பதிவு அது. அவர்களில் ஒருவர் பெயர்கூட அதில் இல்லை. என் அலமாரிமுன் நிற்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அவர்களுடைய கதையைத்தான்.

1796ல் பாரிஸில் குவியே என்ற இருபத்தாறு வயது இளைஞர் யானைப் பற்களையும் தாடைகளையும் ஒப்பிட்டு, மாமூத் இன்றைய யானைகளில் எதுவும் இல்லை, அது அழிந்துபோன வேறு இனம் என்று நிறுவினார். ஓர் உயிரினம் உலகத்தை விட்டே அழிந்துபோக முடியும் என்பதை அறிவுலகம் ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். சாட்சிக் கூண்டில் நின்றவை பற்கள்!

நம் நாட்டுத் தொடர்பு ஒன்றும் உண்டு. எங்கள் ஆற்றில் கிடைப்பது கொலம்பிய மாமூத். அதற்கு 1857ல் பெயர் வைத்தவர் ஹியூ ஃபால்கனர். ஜார்ஜியாவில் கால்வாய் வெட்டும்போது கிடைத்த பல் துண்டுகளை நிலவியலாளர் சார்ல்ஸ் லயல் அவருக்கு அனுப்பியிருந்தார். ஃபால்கனர் யார் தெரியுமா? சஹாரன்பூர் தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்து, கால்வாய்ப் பொறியாளர் காட்லியோடு சேர்ந்து சிவாலிக் மலையடிவாரத்தில் ஃபாசில் பொறுக்கியவர். கணேசா என்று பிள்ளையார் பெயரையே ஒரு பழைய யானைக்குச் சூட்டியவர்கள் அவர்கள். சிவாலிக்கில் யானைப் பற்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்தான் அமெரிக்க மாமூத்தைத் தனி இனம் என்று பிரித்தது.

பல் இன்னும் பேசுகிறது. 1999ல் வெளிவந்த ஓர் ஆய்வில் புளோரிடாவின் மாமூத், மாஸ்டோடான் எனாமலில் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தின் வகைகளை அளந்தார்கள். மேய்ந்த மண்ணின் முத்திரை எனாமலில் பதிந்துவிடும். மாமூத்கள் பெரும்பாலும் உள்ளூரிலேயே இருந்திருக்கின்றன. மாஸ்டோடான்களில் பலவோ வடக்கே ஜார்ஜியாவின் அப்பலாச்சிய மலைப்பக்கம் வரை போய்த் திரும்பியிருக்கின்றன. என் அலமாரியில் இருக்கும் மாஸ்டோடான் பல்லை எடுக்கும்போதெல்லாம் இது எந்த மலைச்சாரல் இலையைத் தின்றதோ என்று கேட்கத் தோன்றும்.

எளிதில் கண்ணில் படாத பற்களுக்கும் என் மனதில் தனி இடம் உண்டு. ராட்சத ஸ்லாத், கிளிப்டோடான்ட், ஹோல்மெசினா என்ற பெரிய ஆர்மடில்லோ வகைகள், எல்லாம் தென் அமெரிக்காவிலிருந்து பனாமா வழியாக நடந்து வந்த கூட்டம். அவற்றின் பல்லில் எனாமலே கிடையாது. மினுமினுப்பில்லாத மங்கல் தூண்கள். ஹோல்மெசினாவின் பல் குறுக்கே பார்த்தால் எட்டு வடிவம், கிளிப்டோடான்டுடையது மும்மடிப்பு. பழக்கமில்லாதவர்கள் கல்லென்று வீசிவிடுவார்கள். கடல்பசுவின் விலா எலும்பு இங்கே மலிவு, கம்பிக்குக் கம்பி தட்டுப்படும். ஆனால் அதன் பல் அபூர்வம். பாக் விரிகுடாவில் 2022ல் தமிழ்நாடு அரசு பாதுகாப்பகம் அறிவித்ததே, நம் கடல்பசுவான அந்த ஆவுளியாவின் தூரத்து உறவு அது. இடுக்கி முனையில் பிடித்துப் பார்க்க வேண்டிய, முத்து முத்தாகக் குமிழ்விட்ட பல். கடையில் காசு கொடுத்து வாங்கும் பல்லில் எனக்கு நாட்டமில்லை. வாங்குகிறவர்கள் வாங்கட்டும். ஆனால் நாலைந்து துண்டைப் பிசினால் ஒட்டி வழவழப்பாகத் தேய்த்து முழுப்பல் என்று விற்கிறார்களே, அது அந்த மிருகத்துக்கே செய்யும் அவமரியாதை.

எடுத்ததும் வெயிலில் காயவைக்கக் கூடாது. முக்கியமாக மாமூத் பல். தகடுகளுக்கு இடையில் உள்ள சாந்து வேகமாக உலர்ந்தால் பல் அப்படியே பிரிந்து கழன்றுவிடும். ஈரத்துணியில் சுற்றி நிழலில் நாள்கணக்கில் மெதுவாக ஆறவிட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் மண்ணை எடுத்து, பாராலாய்டு என்ற பிசினை அசிட்டோனில் கரைத்து ஊட்டுகிறோம். பிறகு லேபிள்: ஆற்றின் எந்தப் பகுதி, என்றைக்கு, யார் எடுத்தது. லேபிள் இல்லாத பல்லை நான் அலமாரியில் ஏற்றுவதில்லை.

புளோரிடாவில் அரசு நிலத்திலும் ஆற்றுப்படுகையிலும் முதுகெலும்பிகளின் ஃபாசில் எடுக்க பெர்மிட் வேண்டும். சுறாப்பல்லுக்கு மட்டும் வேண்டாம். கெயின்ஸ்வில்லில் புளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அதைத் தருகிறது. நான் முதலில் எடுத்தபோது ஐந்து டாலர்தான். கையால் பயன்படுத்தும் கருவி மட்டுமே அனுமதி. கிடைத்ததைப் பட்டியலிட்டு அனுப்ப வேண்டும். ஆராய்ச்சிக்குத் தேவையானதை அருங்காட்சியகம் கேட்டால் கொடுக்க வேண்டும். இதைவிட அழகான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிற யாரோ ஒருவர் கையில் அகப்படுவது நாளைக்கு ஆய்வு மேசைக்குப் போகலாம். பழைய மனிதர்களின் அம்புமுனை, கருவி எதுவும் சல்லடையில் வந்தால் எடுக்கக் கூடாது. கரையைக் குடையவும் கூடாது. கரை சரிந்தால் மரம் சரியும்.

அமெரிக்காவில் இருக்கிற நம்மவர்கள் குழந்தைகளோடு புளோரிடா வருவீர்கள், டிஸ்னிக்குத்தான் போவீர்கள். போய் வாருங்கள். அதில் ஒரு நாளை மட்டும் இந்த ஆற்றுக்கு எடுத்து வையுங்கள். மழை இல்லாத மாதங்களில், மே மாதத்துக்குள் வாருங்கள். புறப்படுமுன் சோல்ஃபோ ஸ்பிரிங்ஸ் நீர்மட்ட அளவை இணையத்தில் பார்த்துவிடுங்கள். தண்ணீர் ஏறியிருந்தால் வர வேண்டாம். பெர்மிட்டை முன்கூட்டியே எடுங்கள். ஆற்றில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள், மணலில் திருக்கை மீன் படுத்திருக்கக்கூடும். முதலைக்கு வழிவிடுங்கள். இந்தியாவில் இருக்கிறவர்கள் சிவாலிக் மலையில் எதையும் பொறுக்காதீர்கள். இமாசலப் பிரதேசம் சாகேத்தியில் ஃபாசில் பூங்கா இருக்கிறது, கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் சிவாலிக் யானைகள் இருக்கின்றன. அங்கே போனால் கொம்பைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல், குனிந்து வாய்க்குள் இருக்கும் கடைவாய்ப்பல்லைப் பாருங்கள்.